குருவிக் கூட்டுக்கு வெளியே ஒரு தாத்தா

கடல்மேல் உத்தியோகம் பார்க்கும் என் அருமை மச்சானுக்கு,

உன் பெரியக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. உன் கப்பலும், கப்பலின் இன்ஜினும், அந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நிற்கும் நீயும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உன் அக்கா நலம். மூக்குக்கண்ணாடிக் கடை நலம். என்னைப் பற்றி மட்டும் பொய் எழுதப் பேனா ஓடமாட்டேன் என்கிறது. வயிற்றில் எரிச்சல் என்று டாக்டரிடம் போனேன். “காரத்தைக் குறைங்க” என்றார். காரம் சாப்பாட்டில் இல்லை ஐயா, சகலை வீட்டில் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? நடுக்கடலில் உன்னைப் போனில் பிடிக்க முடியாது. பிடித்தாலும் நான் பேசுவது உன் அக்கா காதில் விழும். அவள் காதில் விழுந்தது மூச்சு விடும் நேரத்தில் அவள் தங்கைக்குப் போய்விடும். அதனால்தான் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்குக் கிடைக்கும்படி காகிதத்தில் எழுதுகிறேன்.

குருவி கம்பெனியை உனக்குத் தெரிந்திருக்கும். போனின் முதுகில் வெள்ளிக் குருவி ஒன்று ஒற்றைக்காலில் நிற்குமே, அதேதான். நம் சகலை இருக்கிறாரே, உன் சின்னக்காவைக் கட்டிய புண்ணியவான், அவருக்கு அவர் பையன் வெளிநாட்டிலிருந்து ஒரு குருவி போன் அனுப்பி வைத்தான். அன்றிலிருந்து மனிதர் போனை மேஜைமேல் வைத்தால் முகம் கீழே, முதுகு மேலே. கூப்பிடுவது யார் என்று அவருக்கே தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. குருவி நாலு பேர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். போன் வந்த காலி அட்டைப்பெட்டியை உன் சின்னக்கா கண்ணாடி அலமாரியில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் துடைக்கிறாள். போட்டோவைத் துடைப்பதில்லை. ஸ்கூட்டரின் பின்னால் குருவி ஸ்டிக்கர் வேறு. ஸ்கூட்டர் ஓடுவது இப்போது பெட்ரோலிலா, பெருமையிலா என்று எனக்குச் சந்தேகம். ஊரே இப்படித்தான் ஆகிவிட்டது. என் கடைக்கு வருகிறவர்கள்கூட “குருவிக்குப் பொருத்தமா ஒரு ஃப்ரேம் காட்டுங்க” என்கிறார்கள். கண்ணாடி மூக்குக்குப் பொருந்தினால் போதாதா மச்சான்?

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது என் பேத்தி விஷயம். மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பாப்பாவை நான் கையில் வாங்கியது அவள் பிறந்த சமயத்தில், அதுவும் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது. மகளும் மாப்பிள்ளையும் குருவிக்காரர்கள். அந்தக் கம்பெனி தன் போன்களுக்குள்ளேயே ‘கூடு’ என்று ஒன்று வைத்திருக்கிறது. குடும்பத்துப் படங்கள், வீடியோக்கள், முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் அதற்குள்தான். குருவி போன் வைத்திருக்கிறவன் உள்ளே போகலாம். மற்றவனுக்கு வாசல்கூடக் கிடையாது. மகள் ஆசையாக என்னை அழைத்தாள். என் போனில் சாம்பல் நிறத்தில் ஒரு குருவி வந்து நின்றது. அதன் கீழே, ‘நீங்கள் இன்னும் சிறகு முளைக்காதவர். குருவிக்கு மாறுங்கள்.’ நரைத்துப்போன எனக்கு முளைக்கவில்லையாம்!

சிறகு முளைத்த சகலையோ முதல் நாளே கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். உன் அக்கா சாயங்காலமானால் தங்கை வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். அவளுக்கு வெட்கமும் கிடையாது, வீறாப்பும் கிடையாது, பேத்திதான் முக்கியம். திரும்பி வந்து எனக்குச் செய்தி வாசிப்பாள். “ஏங்க, இன்னிக்குப் பாப்பா தவழ்ந்தாங்க.” இன்னொரு நாள், “ஏங்க, சோபாவைப் பிடிச்சிட்டு நின்னாங்க. உங்க சகலைதான் முதல்ல பார்த்தாரு, கையைத் தட்டினாரு. அவளும் பதிலுக்குத் தட்டினா.” என் பேத்தி, என் ரத்தம், என் மூக்கு, அவள் முதன்முதலில் எழுந்து நின்றதற்குக் கை தட்டியவர் யார்? என் சகலை! நீயும் வாயேன் என்று உன் அக்கா கூப்பிடத்தான் செய்தாள். என் பேத்தியைப் பார்க்க நான் அவர் வீட்டு சோபாவில் அவர் தோளை எட்டிப் பார்க்க வேண்டுமா? போகவில்லை.

நான் போகாவிட்டால் அவர் விடுவாரா? ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், நான் ஒருவருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறேன். “சகலை, உங்க பேத்தி நடக்கிறா, பாருங்க!” என்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கொடுக்கவில்லை, நீட்டினார். கேட்டால் “இல்ல சகலை, கண்ணாடி வழுக்கும், கீழ போட்டா மாத்த முடியாது” என்கிறார். அவர் கட்டைவிரல் திரையில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. பாப்பா அந்த விரலின் ஒரு பக்கத்தில் நடந்து போய் மறைந்தாள், மறுபக்கத்தில் வெளியே வந்தாள். அவள் விழுந்ததும் எழுந்ததும் விரலுக்குப் பின்னால் நடந்தது. என் பேத்தியின் முதல் நடையைப் பற்றிக் கேட்டால் என்னால் சகலையின் நகத்தைப் பற்றித்தான் சொல்ல முடியும். நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் அவர் பங்குக்கு “ஆஹா, குருவியா? படம் என்ன துல்லியம்!” என்றார். எனக்குக் காதில் புகை வந்தது. பரிசோதனையில் ஒரு எழுத்துகூட அந்த ஆளுக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் துல்லியம் மட்டும் தெரிகிறது!

சரி, வேறு வழி பார்ப்போம் என்று மகளிடம், “எல்லாரும் வச்சிருக்கிற ஆப் ஒண்ணைப் போடும்மா, நேரா பேசலாம்” என்றேன். போட்டாள். திறக்கும்போதெல்லாம் குருவி குறுக்கே வந்து, ‘இது எங்கள் கூட்டைச் சேர்ந்ததல்ல. இதனால் வரும் கேடுகளுக்கு நீங்களே பொறுப்பு. உறுதியாகத் தொடரவா?’ என்று சிவப்பு எழுத்தில் கேட்கிறதாம். மாப்பிள்ளை பயந்த சுபாவம். ஆபீஸ் மெயிலும் அதே போனில்தான் இருக்கிறது என்று அந்த ஆப்பை எடுத்துவிட்டார். வீடியோவை மெசேஜில் அனுப்பிப் பார்த்தாள். குருவியிலிருந்து வெளி போனுக்கு வந்தால் வீடியோ தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதில் ஏதோ ஒன்று அசைந்தது. நான் கடையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, பாப்பா என்று நினைத்து முத்தமும் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் மகள் சொன்னாள், அது அவர்கள் வீட்டுத் தரை துடைக்கும் மெஷினாம்.

அந்தக் கோபத்தோடு குருவி கடைக்கே போனேன். கடையா அது! கல்லா இல்லை, கவுண்டர் இல்லை, உட்கார நாற்காலி இல்லை. எல்லாம் வெள்ளை. ஆபரேஷன் தியேட்டருக்குள் தெரியாமல் நுழைந்த மாதிரி இருந்தது. சாம்பல் சட்டை போட்ட ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். “அம்மா, எனக்குப் போன் வேண்டாம். என்கிட்ட நல்ல போன் இருக்கு. அதுல உங்க கூட்டை மட்டும் போட்டுக்குடுங்க, அதுக்கு ஆகறதை வாங்கிக்குங்க” என்றேன். “அது முடியாது சார்.” “ஏம்மா?” “உங்க போன் இன்னும் அதுக்குத் தயாராகல சார்.” “போன் தயார்தான். நீங்க விடமாட்டேங்கறீங்க.” அவள் குரலைத் தாழ்த்தி, “உங்க குடும்பத்தோட பாதுகாப்புக்காகத்தான் சார்” என்றாள். என் குடும்பத்தை என்னிடமிருந்து பாதுகாக்கிறார்களாம்! நான் பேசி முடிப்பதற்குள் பின்னால் நின்ற ஒருவர், “பெரியவரே, சீக்கிரம், புது கலர் தீர்ந்துடும்” என்று என் முதுகைத் தட்டினார். புது மாடல் இல்லை, புது கலர். அதற்கு வாசல் தாண்டி வரிசை.

கடைசியில் என் கடைக்கு எதிரே இருக்கும் பழைய போன் கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் ஒரு பழைய குருவியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். முதுகில் குருவியின் வால் தேய்ந்திருந்தது. எனக்குச் சம்மதம், பாப்பா தெரிந்தால் போதும். ஆனால் பாட்டரி நிற்கவில்லை. திறக்கலாம் என்று பார்த்தால் திருகின் தலை பூ மாதிரி இதழ் இதழாக இருக்கிறது. மூக்குக்கண்ணாடித் திருகைத் தூக்கத்திலும் கழற்றுகிறவன் நான். என் ஸ்க்ரூடிரைவர் ஒன்றுகூட அதில் உட்காரவில்லை. கழற்றக் கூடாது என்பதற்காகவே செய்த திருகு மச்சான் அது! போன் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு கருவி கொண்டுவந்து பாட்டரியை மாற்றினார். கேமராவும் மங்கலாக இருக்கிறதே என்று அதையும் மாற்றினார். ஆன் செய்ததும் குருவி வந்து, ‘அந்நியக் கை பட்டுள்ளது. தங்கள் நலன் கருதிக் கேமரா மூடப்படுகிறது’ என்றது. புதுக் கேமரா, நல்ல கேமரா, அதே கம்பெனிக் கேமரா. கை மட்டும் அந்நியக் கை. அதனால் மூடிவிட்டது. இருந்தாலும் கூட்டுக்குள் விட்டது. நான் எல்லோரையும் பார்க்கலாம். என்னை யாரும் பார்க்க முடியாது.

அன்று சாயங்காலம் உன் அக்காகூடத் தங்கை வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் பாப்பா முழுசாக வந்தாள், விரல் எதுவும் மறைக்காமல். திரையின் இன்னொரு கட்டத்தில் சகலையும் வந்துவிட்டார், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு. மகள், “பாப்பா, யாரு வந்திருக்கா பாரு, தாத்தா!” என்று என்னைக் காட்டினாள். நான் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம், நடுவில் கம்பெனிக் குருவி. “அப்பா, நீங்க ஒரே இருட்டா இருக்கீங்களே?” என்றாள் மகள். நான் அந்த இருட்டுக்குள்ளிருந்து “செல்லம், நான்தான்டா தாத்தா” என்று கத்தினேன். குழந்தை கறுப்புக் கட்டத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டத்துக்குத் திரும்பி, சகலையைப் பார்த்துக் கையை நீட்டி, பல் இரண்டும் தெரியச் சிரித்து, தெள்ளத் தெளிவாகச் சொன்னாள்: “தாத்தா!”

உன் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் புத்திசாலி.

அதற்கப்புறம் நான் சகலையோடு பேச்சை விட்டுவிட்டேன். படிப்பதற்குக் கண்ணாடி கேட்டிருந்தார், அவர் தேர்ந்தெடுத்த வெள்ளி ஃப்ரேம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஆந்தை மாதிரி காட்டுகிற ஒரு தடித்த ஃப்ரேமை மாட்டிவிட்டேன். மறுநாளும் கூட்டில் அவரைப் பார்த்துக் குழந்தை ‘தாத்தா’ என்று கை தட்டினாள். ஆந்தையையும் அவளுக்குப் பிடித்துவிட்டது. நான் என்னதான் செய்ய?

இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் சகலை கடைக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே குரல் கொடுக்கிறவர், சத்தமில்லாமல் வந்து கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். போனை மேஜைமேல் வைத்தார், முகம் மேலே. அதில் எழுதியிருந்தது: ‘உங்கள் குருவி தன் பறத்தலை இனிதே நிறைவு செய்தது. புதிய குருவியோடு கூட்டுக்குத் திரும்புங்கள்.’ மாடல் பழசாம். போன் நன்றாகத்தான் இருக்கிறது, கூடு மட்டும் இனிமேல் திறக்காதாம். (என் வால் தேய்ந்த குருவிக்கு இதே ஓலை முந்தின நாளே வந்துவிட்டது, அதை அவரிடம் சொல்லவில்லை.) உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. “அடடா, அப்படியா சகலை, பையன்கிட்டச் சொன்னா புதுசு அனுப்பமாட்டானா?” என்று இனிக்க இனிக்கக் கேட்டேன்.

அவர் ஆந்தைக் கண்ணாடியைக் கழற்றினார். “என் பையன் போன் அனுப்பினான் சகலை. ஆனா அதுல ஒரு தடவைகூட அவன் கூப்பிடல. கூட்டுக்கு வாடான்னு நான்தான் அழைச்சுக்கிட்டே இருந்தேன். வரல. உங்க பொண்ணுதான் என்னைச் சேர்த்துக்கிட்டா. அந்தக் குழந்தை தாத்தான்னு கூப்பிடுதேன்னுதான் தினம் சட்டை மாத்திட்டு உட்காருவேன்.”

அவரே தொடர்ந்தார். “உங்களுக்கு என்ன, லீவு விட்டா வருவா, மடியில ஏறி உட்காருவா, உங்க பேத்தி. எனக்கு அவ அந்தக் கண்ணாடிக்குள்ள மட்டும்தான். உங்களைப் பார்த்தா எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?”

மச்சான், என்னைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டிருக்கிறார்! எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. மறைப்பானேன், பெருமைதான் முதலில் வந்தது. எழுந்து போய் வெள்ளி ஃப்ரேமை எடுத்து வந்தேன். “இன்னிக்குத்தான் வந்துச்சு” என்று மாட்டிவிட்டேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, “கிளம்புங்க சகலை, ரெண்டு பேரும் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம்” என்றேன்.

அதே கடை, அதே பெண், அதே சிரிப்பு. சகலை நியாயமாகத்தான் ஆரம்பித்தார். “ஏம்மா, நல்லா இருக்கிற போனை நீங்களே சாகடிச்சா எப்படி?” “சாகடிக்கல சார், ஓய்வு குடுத்திருக்கோம்.” “நான் கேட்டேனா?” “பழசைக் குடுத்தீங்கன்னா புதுசுல கழிச்சுக்கலாம் சார்.” அவ்வளவுதான், சகலைக்கு முகம் சிவந்தது. “எங்க பேத்தியைப் பார்க்கிறதுக்கு வருஷா வருஷம் உங்களுக்குக் கப்பம் கட்டணுமா?” என்று கத்தினார். ‘எங்க பேத்தி’ என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அது சண்டை போடும் சமயம் என்பதால் விட்டுக்கொடுத்தேன். நானும் கத்தினேன். “கழற்ற முடியாத திருகு எதுக்கு? என் மூஞ்சியைக் கறுப்பாக்கினது யாரு?” கூட்டம் கூடிவிட்டது. நியாயம் கேட்க யாராவது முன்னே வருவார்கள் என்று பார்த்தோம். எல்லோரும் ஆளுக்கொரு குருவியைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தார்கள். அந்த வீடியோ எல்லார் வீட்டுக் கூட்டிலும் ஓடியதாம், பார்த்தவர்கள் வந்து வந்து சொல்கிறார்கள். எங்கள் போராட்டத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் புதுக் குருவிக்கு மாற வேண்டுமாம்.

காவலாளி எங்களை மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார். எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் கடைக்கணக்குக்கென்று சட்டைப்பையில் வைத்திருக்கும் பழைய பட்டன் போனை எடுத்து மகளைச் சாதாரணமாகக் கூப்பிட்டேன். குழந்தை விழித்திருந்த நேரம். “பாப்பாகிட்டக் குடும்மா, குரலாவது கேட்கட்டும்” என்றேன். “செல்லம், தாத்தாடா” என்றேன். பதிலுக்கு வந்தது மகளின் சிரிப்பு. “அப்பா, உங்க குரலைக் கேட்டதும் அணைச்சு வச்சிருக்கிற டிவியைப் பார்த்துக் கையை ஆட்டுறாப்பா! கறுப்பா இருந்தா அது நீங்கன்னு நினைக்கிறா!”

அதற்குள் சகலை போனைப் பிடுங்கி “நான் யாரு சொல்லு பாப்போம்?” என்றார். குழந்தை “ப்பூ” என்றாள். அந்த ‘ப்பூ’ யாருக்குச் சொன்னது என்று டீ ஆறிப்போகும்வரை வாதாடினோம். எனக்குச் சொன்னதுதான், நீயே யோசித்துப் பார். ஆனால் மச்சான், முகம் தெரியாவிட்டாலும் குழந்தைக்கு என்னைத் தெரிகிறது. அன்று சகலை என் தோளில் கை போட்டுக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன். அந்த டீக்கடையில் இரண்டு பேரும் சத்தியம் செய்தோம். இனி ஆயுசுக்கும் குருவி போனைத் தொடுவதில்லை. சகலையும் நானும் ஒரே பட்டன் போனில் ஆளுக்கொரு காது வைத்துப் பாப்பாவோடு பேசிக்கொள்வோம். நீயும் ஊருக்கு வரும்போது அந்தக் கம்பெனிச் சாமான் எதையும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் வாசற்படி ஏறாதே. இது உன் அத்தான்மார் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். அலை அடிக்கும்போது ஓரமாக நிற்காதே. உன் அக்காமார் இருவரும் உனக்குப் பெண் பார்க்கும் விஷயத்தைப் பற்றித் தனியாக எழுதுவார்கள், தப்பிக்க வழி இருந்தால் பார். நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் நல்ல காற்றும் அமைதியான தண்ணீரும் அமைந்து, நீண்ட ஆயுளோடு கரை சேர மனதார ஆசீர்வதிக்கிறேன். சகலையும் பக்கத்தில் நின்று தன் ஆசியைச் சேர்க்கச் சொல்கிறார், சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மேல் குறையாத பாசமுள்ள,
பெரிய அத்தான்.

பின்குறிப்பு: சகலை வீட்டுக்குப் போன பிறகு, உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா, அதுதான் நம் சம்பந்தி, இந்த வருஷத்துப் புது குருவி வாங்கிவிட்டாராம். காலையிலும் மாலையிலும் கூட்டில் அவர் முகம்தானாம். “பாப்பா இப்ப அவரைத்தான் தாத்தாங்கறாப்பா, எவ்வளவு அழகாச் சொல்றா தெரியுமா!” என்று சந்தோஷமாகச் சொல்கிறாள் பாவி மகள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. துறைமுகத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் குருவி கடைக்குப் போ. சம்பந்தியுடையதைவிடத் திரை ஒரு சுற்றாவது பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்று, சகலைக்கு ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னால் யோசிக்காமல் அதை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வா. சகலை கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடு.